அத்தி விளையும் இரு நிலங்கள்

“அத்தி பூத்தாற் போல” என்பது தமிழ் மக்கள் நாவில் நாள்தோறும் பயிலும் உவமைத் தொடர். நெடுநாள் வாராத உறவினர் ஒருவர் வாயிலில் வந்து நிற்பாராயின் இத்தொடரைக் கூறியே அவரை வரவேற்பர். அத்தி பூப்பதைக் கண்டார் இலர் என்பதே இதன் கருத்து. அதே அத்தியைப் பற்றி மற்றொரு வழக்கும் உண்டு. பழத்தைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே அத்தனையும் புழு என்பது அது. இவ்விரண்டும் தொடர்பற்ற இரு செய்திகள் போலத் தோன்றும். ஆயினும் பூ மறைந்திருப்பதற்கும் பூச்சி உள்ளே இருப்பதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அத்தொடர்பை உணராமையால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு நாட்டின் உழவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கனியாத மரங்களுக்கு நீர் பாய்ச்சினர். உணர்ந்த பின்னர் அந்நாட்டில் பல்லாயிரம் ஏக்கர் நிலம் அத்தித் தோப்பாயிற்று. இன்று அத்தோப்புகளிற் பெரும்பகுதி மீண்டும் மறைந்துவிட்டது.

அந்நாடு அமெரிக்க ஐக்கிய நாடு. அதன் கலிபோர்னியா மாநிலமே இங்குக் குறிக்கப்படும் நிலம். அதற்கு அத்தியை ஈந்த நாடு துருக்கி. இவ்விரு நாடுகளின் அத்தி விளைநிலம் காலப்போக்கில் எவ்வாறு பெருகியும் சுருங்கியும் வந்தது என்பதை ஒப்பிட்டு நோக்கினால், நிலக்கணக்கு என்பது வெறும் எண் அன்று என்னும் உண்மை விளங்கும்.

பெயரும் இனமும்

ஆல், அரசு, அத்தி, இத்தி ஆகிய நான்கும் ஓரினத்து மரங்கள் என்பதைத் தமிழர் பண்டே அறிந்திருந்தனர். மரத்தைக் கீறினால் பால் வடிதலும், காயின் அமைப்பும் இவற்றிற்குப் பொதுவானவை. தமிழகத்து ஆற்றங்கரைகளில் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய்க் காய்ப்பது நாட்டு அத்தி. கடைகளில் உலர்த்தித் தட்டையாக்கி விற்கப்படுவது வேறு. அதனைச் சீமை அத்தி என்பர். நோன்பு மாதத்தில் மலாய்க்காரர் விரும்பி வாங்கும் ‘பூவா தீன்’ என்பதும் இதுவே.

சீமை அத்திக்கு நிலைநூலார் இட்ட பெயர் ‘பைக்கஸ் காரிக்கா’ என்பது. ‘காரிக்கா’ என்னும் பகுதி, சின்ன ஆசியாவின் தென்மேற்கில் பண்டு விளங்கிய ‘காரியா’ என்னும் நாட்டின் பெயரிலிருந்து பிறந்தது. துருக்கியின் இன்றைய அய்தின் மாகாணத்தின் ஒரு பகுதி அப்பழைய காரியாவைச் சேர்ந்ததே. ஆகவே, எந்த நிலம் இன்று உலகில் மிகுதியாக அத்தியை விளைவிக்கின்றதோ, அந்நிலத்தின் பெயரையே மரமும் தாங்கி நிற்கின்றது.

அத்தியை மனிதன் வளர்க்கத் தொடங்கிய காலம் மிகத் தொன்மையானது. யோர்தான் பள்ளத்தாக்கில் கில்கால் என்னுமிடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கரிந்த அத்திப் பழங்கள் ஏறத்தாழ 11,400 ஆண்டுகட்கு முற்பட்டவை என 2006-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். விதை முளைக்கும் ஆற்றல் அற்ற வகையைச் சேர்ந்தமையால் அவை போத்து நட்டு வளர்க்கப்பட்டவையாதல் வேண்டும் என்பது அவர்தம் கருத்து. அக்கருத்து ஏற்கத்தக்கதாயின், கோதுமைக்கும் முன்னரே மனிதன் கைப்பட்டு வளர்ந்த பயிர்களுள் அத்தியும் ஒன்றாகும்.

மெண்டெரஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு

துருக்கியின் மேற்கு எல்லையில் ஈஜியன் கடலை நோக்கி வளைந்து வளைந்து ஓடுவது பெரிய மெண்டெரஸ் ஆறு. அதன் வடக்கே சிறிய மெண்டெரஸ் ஆறு ஓடுகின்றது. இவ்விரு பள்ளத்தாக்குகளும், அவற்றை ஒட்டிய மலைச்சரிவுகளும் உலர் அத்தியின் தாயகம் எனலாம். ஆங்கு ‘இஞ்சிர்லியோவா’ என்றே ஓர் ஊர் உண்டு. ‘அத்தி நிறைந்த சமவெளி’ என்பது அப்பெயரின் பொருள்.

இந்நிலம் அத்திக்கு ஏற்றதாய் அமைந்ததற்குக் காரணங்கள் உள. மழை குளிர்காலத்தில் பெய்து கோடையில் ஓய்ந்துவிடும். ஆகவே பழம் முதிர்ந்து உலரும் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் வானம் வெளுத்திருக்கும். பழத்தை மரத்திலிருந்து பறிப்பதில்லை. அது கிளையிலேயே பாதி உலர்ந்து, காம்பு தளர்ந்து, தானே தரையில் விழும். விழுந்ததைப் பொறுக்கி எடுத்து, கோரைப் பாய்களிலோ தட்டுகளிலோ பரப்பிச் சில நாள் வெயிலிற் காய வைப்பர். உலரும் நாளில் ஒரு மழை பெய்தாலும் ஆண்டு முழுவதும் பட்ட பாடு வீணாகும். சரளை கலந்த சரிவு நிலத்திலும் இம்மரம் வேரூன்றி நிற்கும். பெரும்பாலும் வானம் பார்த்த பயிராகவே அங்கு வளர்க்கப்படுகின்றது.

விளைந்த அத்தி ஒட்டகங்களின்மேல் ஏற்றப்பட்டு ஸ்மிர்னாத் துறைமுகத்தை அடையும். அந்நகரின் இன்றைய பெயர் இஸ்மீர். துறைமுகத்தின் பெயரே பழத்திற்கும் ஆகி, மேனாட்டுக் கடைகளில் ‘ஸ்மிர்னா அத்தி’ என வழங்கலாயிற்று. 1856-ஆம் ஆண்டில் உதுமானிய அரசிடம் உரிமம் பெற்ற ஆங்கிலக் குழுமம் ஒன்று, ஸ்மிர்னாவிலிருந்து அய்தின் வரை இருப்புப்பாதை அமைக்க முற்பட்டது. 1866-இல் அப்பாதை அய்தினை எட்டியது. அத்தி விளையும் உட்பகுதி கடற்கரையோடு இணைக்கப்படவே வாணிகம் விரிந்தது. விரிந்த வாணிகம் மேலும் நிலத்தைத் தோப்பாக்கிற்று. அமெரிக்காவும் இப்பழத்தை விலை கொடுத்து வாங்கிய நாடுகளுள் ஒன்று.

கனியாத மரங்கள்

கலிபோர்னியாவுக்கு அத்தி முன்பே புதியதன்று. 1769-ஆம் ஆண்டில் சான் டியேகோவில் மடம் நிறுவிய ஸ்பானியப் பாதிரிமார் கரிய நிற அத்தி ஒன்றைக் கொண்டுவந்து நட்டனர். ‘மிஷன் அத்தி’ எனப் பெயர் பெற்ற அது நன்கு காய்த்தது. ஆயினும் சந்தையில் ஸ்மிர்னா அத்தியின் சுவையோடும் மணத்தோடும் அது போட்டியிட இயலவில்லை. ‘நம் நிலத்திலும் கோடை வறட்சி உண்டு, வெயில் உண்டு, அதே மரத்தைக் கொணர்ந்து நட்டால் அதே பழம் விளையாதா?’ என்று அங்குள்ளோர் எண்ணினர்.

சான்பிரான்சிஸ்கோ நகரில் வெளிவந்த ‘புல்லட்டின்’ நாளேட்டைச் சேர்ந்த கல்லியன் ரிக்ஸ்போர்டு என்பார் இம்முயற்சியில் முன் நின்றார். 1880-ஆம் ஆண்டை ஒட்டி ஸ்மிர்னாவிலிருந்து ஏறத்தாழ 14,000 போத்துகள் வருவிக்கப்பட்டு ஏட்டின் வாசகர்களுக்கு வழங்கப்பட்டன. நட்டவை தழைத்தன, மரங்களாயின, காயும் பிடித்தன. ஆனால் காய்கள் கோலிக்குண்டு அளவை எட்டியதும் வாடிச் சுருங்கி உதிர்ந்தன. அடுத்த ஆண்டும் அவ்வாறே. அதற்கடுத்த ஆண்டும் அவ்வாறே.

உழவர் மனத்தில் ஐயம் எழுந்தது. துருக்கியர் தம் வாணிகம் கெடாதிருக்கப் பயனற்ற மரத்தின் போத்துகளைக் கொடுத்து ஏமாற்றிவிட்டனர் என்று பலர் கருதினர். சிலர் மரங்களை வெட்டி எறிந்தனர். பிரெஸ்னோ நகரில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த ரோடிங் குடும்பத்தார் மட்டும் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள முனைந்து, 1886-இல் தம் ஆள் ஒருவரை ஸ்மிர்னாவுக்கே அனுப்பினர். அவர் தோப்புகளை நேரிற் கண்டு போத்துகளைத் தேர்ந்தெடுத்து வந்தார். அவையும் தழைத்தன, அவற்றின் காய்களும் உதிர்ந்தன. ஏமாற்றியவர் எவரும் இலர் என்பது அப்போது தெளிவாயிற்று. குறை மரத்தில் இல்லை, மண்ணிலும் இல்லை. அவ்வாறாயின் அங்கே இருந்து இங்கே இல்லாதது யாது?

மூடிய பூவும் நுழையும் குளவியும்

துருக்கி நாட்டு உழவரைக் கேட்டிருந்தால் அவர் விடை கூறியிருப்பார். ஒவ்வோராண்டும் ஜூன் மாதத்தில் அவர் ‘இலெக்’ எனப்படும் காட்டு அத்திக் காய்களைச் சந்தையில் விலைக்கு வாங்குவார். அவற்றை நாரிற் கோத்துத் தோப்பு மரங்களின் கிளைகளிலே தொங்கவிடுவார். சில நாள் இடைவெளி விட்டு மீண்டும் தொங்கவிடுவார். காரணம் கேட்டால், இது செய்யாவிடில் காய் நில்லாது என்பார். இவ்வழக்கம் புதியதன்று. கிறித்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டிலும், அவர் மாணாக்கர் தியோபிராஸ்டசும் இதனைப் பற்றி எழுதியுள்ளனர். காட்டு அத்தியிலிருந்து சிறு பூச்சிகள் வெளிப்பட்டுத் தோட்டத்து அத்திக்குள் நுழைவதையும் அவர்கள் அறிந்திருந்தனர். எனினும் மேனாட்டு அறிஞர் பலர் இதனைப் பாமரர் மூடநம்பிக்கை என்றே ஒதுக்கி வந்தனர்.

இன்று இதன் உண்மை ஐயத்திற்கிடமின்றி விளங்குகின்றது. நாம் அத்திப் பழம் என்று வழங்குவது, தனியொரு பூவிலிருந்து உண்டான கனி அன்று. அது ஒரு சதைப் பை. அப்பையின் உட்சுவரில் நூற்றுக்கணக்கான நுண்ணிய பூக்கள் உள்நோக்கி நிற்கின்றன. அதனாலேயே அத்தி பூப்பதை எவரும் காண்பதில்லை. பையின் நுனியில் செதில்களால் மூடப்பட்ட ஒரு சிறு துளை உண்டு. பூவுக்குள் காற்றும் புகாது; தேனீயும் புகாது. அத்துளை வழியே நுழைய வல்லது ஒரே உயிர். அஃது இரண்டு மில்லிமீட்டர் அளவேயுள்ள அத்திக் குளவி.

சீமை அத்தியில் மரங்கள் இருவகை. ஆண் அத்தி எனப்படும் மரத்தின் காய் உண்ணத்தக்கதன்று. அதனுள் பூந்துகள் தரும் பூக்களும், சூல்தண்டு குட்டையான பெண்பூக்களும் உள்ளன. அக்குட்டைப் பூக்களிலேதான் குளவி முட்டையிடும். குஞ்சுகள் அங்கேயே வளரும். இறகற்ற ஆண் குளவிகள் தாம் பிறந்த காய்க்குள்ளேயே பெண் குளவிகளோடு கூடி மடியும். இறகுடைய பெண் குளவிகள் உடலெங்கும் பூந்துகள் படிய வெளிப்போந்து, முட்டையிடப் புதிய காய் தேடிப் பறக்கும். அவ்வமயம் அருகில் பெண் அத்தி மரத்தின் காய் இருப்பின் அதனுள்ளும் அவை நுழையும். ஆனால் பெண் அத்திப் பூக்களின் சூல்தண்டு நீண்டது; குளவியின் முட்டையிடும் உறுப்பு சூலகத்தை எட்டாது. குளவி உள்ளே அலைந்து, தன் உடலில் ஒட்டிய துகளை எங்கும் உதிர்த்து, முட்டையிட இயலாமலே மடியும். அதன் ஏமாற்றமே மரத்தின் வாழ்வு. துகள் பெற்ற பூக்கள் விதை பிடிக்கும். காய் உதிராமல் நின்று கனியும். மடிந்த குளவியின் உடலைப் பழத்திலுள்ள நொதிப்பொருள் பெரிதும் கரைத்துவிடும்.

எல்லாச் சீமை அத்திக்கும் இத்துணை தேவை என்பதில்லை. மிஷன் அத்தி போன்றவை துகள் பெறாமலே கனியும். ஸ்மிர்னா வகைக்கு மட்டும் குளவியின்றிக் கனிதல் இயலாது. விதை பிடித்த அப்பழத்தின் சுவையும் மணமுமே அதற்குத் தனிப் பெருமை தந்தவை.

கடல் கடந்த குளவி

கலிபோர்னியாவில் இவ்வுண்மையை வற்புறுத்தியவர்களுள் குஸ்தாவ் ஐசன் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் குறிப்பிடத்தக்கவர். ரோடிங் குடும்பத்து ஜார்ஜ் ரோடிங் என்பார் 1890-இல் ஒரு சோதனை செய்தார். ஆண் அத்தியின் துகளை எடுத்து, மெல்லிய குச்சியின் நுனியால் சில ஸ்மிர்னாக் காய்களுக்குள் செலுத்தினார். அக்காய்கள் மட்டும் உதிராமல் கனிந்தன. பின்னர் கண்ணாடிக் குழலால் துகளை ஊதியும் பார்த்தார், அதுவும் வெற்றியே. ஆனால் ஒரு தோப்பிலுள்ள இலட்சக்கணக்கான காய்களுக்கு மனிதக் கை குளவியின் வேலையைச் செய்ய இயலுமோ? குளவியையே கொணர்தல் வேண்டியதாயிற்று.

அது எளிதாக நிறைவேறவில்லை. பல முறை அனுப்பப்பட்ட குளவிகள் வழியிலேயே இறந்தன. வந்து சேர்ந்தவை நிலைக்கவில்லை. இறுதியில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் வால்ட்டர் சுவிங்கிள் என்னும் அறிஞர், குளிர்காலம் முழுவதும் ஆண் அத்தி மரத்திலேயே தங்கும் காய்களைத் தேர்ந்தார். அக்காய்களுக்குள் குளவியின் புழுக்கள் உறக்க நிலையில் இருக்கும். அவற்றை ஈயத்தாளிற் சுற்றி அல்ஜீரியாவிலிருந்து அனுப்பினார். 1899-ஆம் ஆண்டில் அவை பிரெஸ்னோவை அடைந்தன. மரத்தைச் சுற்றிக் கூடாரம் அமைத்துப் பாதுகாத்தனர். அவ்வாண்டுக் கோடையில் குளவிகள் புதிய காய்களில் பெருகியிருப்பதைக் கண்டனர். 1900-இல் ஸ்மிர்னா வகை முதன்முறையாக நல்ல விளைச்சல் தந்தது. கலிபோர்னியா, ஸ்மிர்னா என்னும் இரு பெயர்களையும் இணைத்து ‘காலிமிர்னா’ என அதற்குப் புதுப்பெயர் சூட்டினர். 1903-இல் ரோடிங் இவ்வரலாற்றை ஒரு நூலாகவும் வெளியிட்டார்.

இருபது ஆண்டுகள் தரிசு போலக் கிடந்த தோப்புகளை விளைநிலமாக்கியது நீரன்று, எருவன்று, பெயர் தெரியாத ஓர் உழவனின் பழைய வழக்கமும் ஒரு சிறு பூச்சியுமே ஆகும்.

பெருகிய நிலம்

குளவி நிலைத்ததும் கலிபோர்னியாவின் அத்தி நிலம் விரைந்து பெருகிற்று. முதல் உலகப் போர்க் காலத்தில் (1914–1918) ஸ்மிர்னாவிலிருந்து சரக்கு வருவது தடைப்பட்டமை அவ்விரைவைக் கூட்டிற்று. பிரெஸ்னோ நகருக்கு வடக்கே மேடும் பள்ளமுமாய்க் கிடந்த நிலத்தில், மேல்மண்ணுக்குக் கீழே கல் போன்ற கெட்டித் தளம் இருந்தது. எந்த வேரும் அதனைத் துளைத்துச் செல்லாது. போர்க்னர் என்னும் நிலவாணிகர் அங்கு ஏறத்தாழ 12,000 ஏக்கரை வாங்கி, குழிதோறும் வெடிமருந்து வைத்துத் தளத்தைப் பிளந்து அத்திக் கன்றுகளை நடுவித்தார். சிறு சிறு துண்டுகளாக நிலத்தைப் பிரித்து, அத்தித் தோப்பு வேண்டுவோருக்கு விற்றார். 1930-களில் கலிபோர்னியாவின் அத்தி நிலம் 30,000 ஏக்கரைத் தாண்டி நின்றது.

இதே காலத்தில் துருக்கியின் அத்தி நிலம் பெருந்துன்பத்துக்கு உள்ளாயிற்று. 1919 முதல் 1922 வரை நடந்த கிரேக்க-துருக்கிப் போர் மெண்டெரஸ் பள்ளத்தாக்கின் ஊடே சென்றது. 1922 செப்டம்பரில் ஸ்மிர்னா நகரின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. அடுத்த ஆண்டு இரு நாடுகளுக்குமிடையே மக்கள் பரிமாற்ற ஒப்பந்தம் ஏற்பட்டது. அத்தி வாணிகத்திலும் பொதி கட்டும் தொழிலிலும் கைதேர்ந்திருந்த கிரேக்கரும் ஆர்மீனியரும் அந்நிலத்தை விட்டு அகன்றனர். மரம் இருந்தது, அதனைச் சுற்றி வாழ்ந்த மக்களில் பலர் இலராயினர். 1923-இல் தோன்றிய துருக்கிக் குடியரசின் உழவர் கூட்டுறவுகள் அவ்வாணிகத்தை மெல்ல மெல்ல மீட்டெடுத்தன.

வரியாகிய வேலி

கலிபோர்னியாவின் அத்தி நிலம் வெயிலால் மட்டும் வாழவில்லை. சுங்க வரியாலும் வாழ்ந்தது. துருக்கியிற் கூலி குறைவு. குடும்பத்தாரே பொறுக்கிக் காயவைப்பர். கலிபோர்னியாவிலோ கூலியும் மிகுதி. பாய்ச்சும் நீருக்கும் விலை உண்டு. ஆகவே இறக்குமதிக்கு வரி விதிக்குமாறு அங்குள்ளோர் அரசை வேண்டினர்.

1952-ஆம் ஆண்டு நிகழ்ச்சி இதற்குச் சான்று. போருக்குப் பின் ஏற்பட்ட வாணிக உடன்பாடுகளால் உலர் அத்தி மீதான வரி இறாத்தலுக்கு 2½ சென்ட் எனக் குறைந்திருந்தது. உள்நாட்டு விளைவிப்போரின் முறையீட்டை ஏற்று, குடியரசுத் தலைவர் ட்ரூமன் அதனை 4½ சென்டாக உயர்த்தினார். துருக்கி அமெரிக்காவின் நட்பு நாடாக அட்லாண்டிக் உடன்படிக்கையிற் சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். தோழமை ஒரு பக்கம் இருக்க, அத்திப் பழத்திற்கு வேலி மறுபக்கம் எழுந்தது. துருக்கியும் கிரேக்கமும் வருந்தியதில் வியப்பில்லை. ஒரு நாட்டில் சில ஆயிரம் ஏக்கர் நிலைத்து நிற்பதற்காக மற்றொரு நாட்டின் சிற்றுழவர் விலையிழக்க நேர்ந்தது.

கணக்கை ஒப்பிடும் முறை

இரு நாட்டு நிலத்தை ஒப்பிடுங்கால் சில எச்சரிக்கைகள் வேண்டும். ஆசிரியர்கள் மாணவர்க்கு நிலநூல் கற்பிக்கும்போது இவை பயன்படும்.

முதலாவது, அளவை. அமெரிக்கர் ஏக்கரால் அளப்பர். துருக்கியர் ‘தோனும்’ என்னும் அளவையால் அளப்பர். இன்றைய தோனும் 1,000 சதுர மீட்டர். அஃதாவது ஏறத்தாழ கால் ஏக்கர். உதுமானியர் காலத்துப் பழைய தோனும் இதனினும் சற்றுச் சிறியது. பழைய ஏட்டிலுள்ள எண்ணை மாற்றாமல் எடுத்தாண்டால் கணக்குப் பிழைபடும்.

இரண்டாவது, எதனை நிலமாகக் கொள்வது என்பது. கலிபோர்னியாவின் கணக்கு பெரும்பாலும் காய்க்கும் வயதடைந்த தோப்புகளையே குறிக்கும். துருக்கியில் ஒலிவ மரங்களுக்கு இடையிலும் வயல் வரப்புகளிலும் தனித்தனியே நிற்கும் அத்தி மரங்கள் பல. அவற்றை ஏக்கரால் அளக்க இயலாது. ஆகவே அந்நாட்டார் மரங்களையும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணிக்கை ஒரு கோடி அளவில் உள்ளது.

மூன்றாவது, எடை. பச்சைப் பழம் மூன்று கிலோ இருந்தால் உலர் பழம் ஒரு கிலோ அளவே தேறும். ஒரு நாட்டின் பச்சை எடையை மற்றொரு நாட்டின் உலர் எடையோடு ஒப்பிடுவது நெல்லையும் அரிசியையும் ஒப்பிடுவது போன்றதாகும்.

நான்காவது, ஓராண்டுக் கணக்கை மட்டும் கொள்ளலாகாது. 2007, 2008 ஆகிய ஆண்டுகளில் துருக்கியின் அத்தி விளைச்சல் 2 இலட்சம் டன் அளவுக்கு இறங்கிற்று. 2020-இல் அது 3 இலட்சத்து 20 ஆயிரம் டன். முதற்கணக்கை மட்டும் கண்டவர் அத்தொழில் அழிகின்றது என்பார். பின்னதை மட்டும் கண்டவர் செழிக்கின்றது என்பார்.

ஐந்தாவது, நிலப்பரப்பு மிகுதியாயின் விளைச்சலும் மிகுதி என்று கருதுதல் தவறு. மொரோக்கோவின் அத்தி நிலம் சில ஆண்டுகளில் துருக்கியினுடையதை விஞ்சியும் உள்ளது. ஆயினும் அதன் விளைச்சல் துருக்கியின் விளைச்சலில் பாதியையும் எட்டுவதில்லை.

இன்றைய நிலை

இவ்வெச்சரிக்கைகளோடு நோக்கினால் இரு நாடுகளின் நிலை தெளிவாகும். துருக்கியின் அத்தித் தோப்புகள் ஏறத்தாழ 50,000 ஹெக்டேர். ஏக்கர்க் கணக்கில் இது ஒரு இலட்சத்து இருபதாயிரத்திற்கு மேல். உலகில் விளையும் அத்தியில் நாலில் ஒரு பங்கு அங்கு விளைகின்றது. உலர் அத்தி வாணிகத்திலோ பாதிக்கு மேல் அந்நாட்டினுடையது. கலிபோர்னியாவின் அத்தி நிலம் 2010-களிலேயே பத்தாயிரம் ஏக்கருக்குக் கீழ் இறங்கிவிட்டது. ஒரு காலத்தில் 30,000 ஏக்கரைத் தாண்டிய நிலம் இது என்பதை எண்ணுதல் வேண்டும்.

ஏக்கர் ஒன்றுக்குக் கிடைக்கும் விளைச்சலில் துருக்கி முந்தி நிற்கவில்லை. நீர் பாய்ச்சப்பெறும் கலிபோர்னியத் தோப்பே ஏக்கர்தோறும் மிகுதியாக விளைவிக்கின்றது. தரையில் விழுந்த பழத்தைக் கூட்டித் திரட்ட அங்கே பொறிகளும் உள்ளன. அவ்வாறிருந்தும் நிலம் சுருங்கியது ஏன்?

விடை அத்தியில் இல்லை. அத்திக்கு அண்டையில் உள்ளது. அதே மண்ணிலும் அதே நீரிலும் வாதுமையும் பிஸ்தாவும் விளையும்; அவை மிகுந்த வருவாய் தரும். கலிபோர்னியாவின் வாதுமைத் தோப்புகள் இன்று பத்து இலட்சம் ஏக்கருக்கு மேல் பரவியுள்ளன. மற்றொரு பக்கம் நகரம் வளர்ந்தது. வெடிமருந்தால் பிளந்து போர்க்னர் உருவாக்கிய 12,000 ஏக்கர்த் தோப்பு இன்று பிரெஸ்னோ நகரின் குடியிருப்பு. ‘அத்தித் தோட்டம்’ என்னும் பொருள்படும் பெயர் மட்டும் அப்பகுதிக்கு நிலைத்துவிட்டது. குளவி சுமந்து வரும் பூஞ்சணத்தால் பழம் உள்ளழுகும் நோயும் 1920-கள் முதல் காலிமிர்னா விளைவிப்போரை வருத்தியது. தெய்வத்தின் கொடை போல வந்த குளவியே நோயையும் உடன் கொணர்ந்தது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

துருக்கியில் நிலைமை வேறு. பள்ளத்தாக்கின் தாழ்ந்த தரையில் பருத்தி விளைகின்றது. மலைச்சரிவில் அத்தியையும் ஒலிவத்தையும் அன்றி வேறு பயிர் எளிதில் நில்லாது. ஏழ்மையான அச்சரிவே அத்தியைக் காத்தது எனலாம். சிற்றுழவர் தம் சில ஏக்கரைத் தந்தையிடமிருந்து பெற்று மைந்தனுக்கு விடுக்கின்றனர். எர்பெய்லி என்னுமூரில் அத்திக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்குகின்றது. 2016-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் ‘அய்தின் அத்தி’ என்னும் பெயருக்கு இடப்பெயர்ப் பாதுகாப்பு வழங்கிற்று. பிற நாட்டில் விளைந்த பழத்தை அப்பெயரால் அங்கு விற்றல் இயலாது.

எனினும் துருக்கியின் நிலமும் கவலையற்றதன்று. பழத்தில் பூஞ்சண நச்சு இருத்தலாகாது என ஐரோப்பிய நாடுகள் கடுமையான வரம்பு விதித்துள்ளன. ஆகவே பொதி கட்டும் கூடங்களில் இருட்டறை அமைத்து, புற ஊதாக் கதிரின்கீழ் பழங்களைப் பரப்பி, பச்சை கலந்த மஞ்சளாய் ஒளிர்வனவற்றைத் தொழிலாளர் ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி நீக்குகின்றனர். கோடையின் வெப்பம் மிகுவதும், மழை பருவம் தவறுவதும் விளைச்சலைத் தாக்குகின்றன. அய்தின் பகுதியில் நிலத்தடி வெந்நீராவியால் மின்சாரம் எடுக்கும் நிலையங்கள் பெருகியுள்ளன. அவற்றின் ஆவியும் கழிவுநீரும் தோப்புகளுக்குக் கேடு விளைவிக்கின்றன என்று உழவர் குறைகூறிப் போராடி வருகின்றனர். கலிபோர்னியாவில் வாதுமையும் வீடுகளும் செய்ததை மெண்டெரஸ் கரையில் மின்சாரம் செய்துவிடுமோ என்பது அவர்தம் அச்சம்.

நிலம் கூறும் பாடம்

ஒரு பயிரின் நிலப்பரப்பு என்னும் எண்ணுக்குள் எத்தனை செய்திகள் அடங்கியுள்ளன என்பதை இவ்வொப்புமை காட்டுகின்றது. வெயிலும் மண்ணும் ஒத்திருந்தும் குளவி இல்லாமையால் ஒரு நிலம் இருபது ஆண்டு மலடாய் நின்றது. குளவி வந்ததும் விளைந்தது. விளைந்தும், விலை மிக்க பயிரும் நகரும் நெருக்கவே சுருங்கிற்று. மற்றொரு நிலம் போரைக் கண்டது, தீயைக் கண்டது, மக்கள் இடம்பெயரக் கண்டது, அயல்நாட்டு வரியையும் கண்டது. இருந்தும் நிலைத்தது. அதனை நிலைக்கச் செய்தவை வேறு பயிருக்கு ஆகாத மலைச்சரிவும், தலைமுறை தலைமுறையாய் வந்த உழவர் அறிவும் ஆகும்.

அவ்வறிவை மூடநம்பிக்கை என்று ஒதுக்கியவர்கள் அதற்குக் கொடுத்த விலை இருபது ஆண்டுக்கால உழைப்பு. பாமரர் வழக்கம் ஒன்றைக் கண்டவுடன் நகைப்பதற்கு முன்னர், அதனுள் ஒளிந்திருக்கும் காரணத்தைத் தேடிப் பார்த்தல் அறிவுடையார் கடன். அத்தியின் பூ எவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை. எனினும் அது பூக்காமல் இல்லை. காய்க்குள்ளே, காண்பார் இன்றி, ஆண்டுதோறும் அது பூத்துக்கொண்டேதான் இருக்கின்றது.